கடலூர் மாவட்டத்தில் கிடங்கு கட்ட இடம் பார்க்கிறோம்: வெள்ளம், புயல் ஆபத்தை எப்படிக் கணக்கிடுவது?

நெல்மணி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு ஒரு கிடங்கும் உலர்களமும் கட்டப்போகிறோம். கடனுக்குப் போனால், திட்ட அறிக்கையோடு ‘இயற்கைப் பேரிடர் ஆபத்து மதிப்பீடு’ என்று இரண்டு பக்கம் கேட்கிறார்கள். ஆலோசகர் ஒருவர் எழுதிக் கொடுத்தார். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் என்று வரிசையாகப் போட்டு, ‘ஆகவே கடலூர் பல்வகைப் பேரிடர்களுக்கு ஆளாகும் மாவட்டம்’ என்று முடித்துவிட்டார். அது தெரிந்த கதைதானே. எந்த இடத்தில் கட்டலாம் என்று அதில் ஒரு வரி இல்லை.

கையில் மூன்று இடங்கள் இருக்கின்றன.

1. புவனகிரிக்குப் பக்கத்தில், வெள்ளாற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி
2. காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணம் ஏரிக்குக் கிழக்கே
3. வடலூர் பக்கம் செம்மண் மேடு. நெல் விளையும் ஊர்களுக்கு இது தூரம்

இதை உட்கார்ந்து முறையாக மதிப்பிடுவது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வடக்குவீதி

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மேட்டில் கட்டுங்கள். வடலூர். முடிந்தது.

முந்திரிக்காடு

வடக்குவீதி அண்ணே, அவ்வளவு சுலபமாக முடிக்காதீர்கள். நான் பண்ருட்டிப் பக்கம். கடல் எங்களுக்கு எட்டாத தூரம். 2011 டிசம்பர் 30 காலை தானே கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. மதியம் தோட்டத்துக்குப் போனால் முந்திரி மரங்கள் வேரோடு ஒரே திசையில் படுத்திருக்கின்றன. தாத்தா காலத்துப் பலாமரங்களும் போயின. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. எங்கள் தோட்டத்தில் வெள்ளம் என்று ஒரு சொட்டு இல்லை, அத்தனையும் காற்று.

அதே மேட்டுப் பூமியில்தான் 2015 நவம்பரும் வந்தது. நெய்வேலி வட்டாரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மேட்டில் விழுந்த தண்ணீர் அங்கேயா நிற்கும்? செம்மண் ஓடைகளில் இறங்கி விசூரையும் பெரியகாட்டுப்பாளையத்தையும் அடித்துக்கொண்டு போனது. மேடு என்று நினைத்திருந்த இடத்தில் உயிர்கள் போயின. வடலூர் மனைக்குப் பக்கத்தில் ஓடை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோடையில் போனால் அது மாட்டு வண்டித் தடம் மாதிரிதான் இருக்கும், ஏமாந்துவிடுவீர்கள்.

மதகடி

தம்பி நெல்மணி, நான் பாசனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் ஆலோசகர் ‘என்னென்ன பேரிடர்’ என்று பட்டியல் போட்டிருக்கிறார். நீங்கள் ‘தண்ணீர் யார் வீட்டிலிருந்து வருகிறது’ என்று பட்டியல் போடுங்கள். நம் மாவட்டத்துக்கு அதுதான் சரியான தொடக்கம். இங்கே ஓடும் வெள்ளத்தில் பெரும்பகுதி நம் தலையில் பெய்த மழை இல்லை.

வடக்கே தென்பெண்ணை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் 51 செ.மீ. மழை. ஆனால் கடலூர்க் கரையோர ஊர்களுக்குள் ஆறு புகுந்தது அதற்கு அப்புறம், சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்ட பிறகு. அணை இருப்பது திருவண்ணாமலை மாவட்டத்தில். தண்ணீர் இங்கே வந்து சேர ஒரு நாள்கூட ஆகாது.

தெற்கே கொள்ளிடம். இது இன்னும் விசித்திரம். ஆகஸ்டில் இங்கே வெயில் கொளுத்தும், வானத்தில் மேகம் இருக்காது. கர்நாடகத்தில் மழை பிடித்து மேட்டூர் 120 அடி நிரம்பிவிட்டால், மிச்சமெல்லாம் முக்கொம்பு வழியாகக் கொள்ளிடத்தில்தான். 2018லும் 2022லும் அப்படித்தான். ஒரே ஆறுதல், மேட்டூரில் திறந்தது நம் பக்கம் வர இரண்டு மூன்று நாள் பிடிக்கும். சாமானை ஏற்ற நேரம் இருக்கும்.

நடுவில் வெள்ளாறு. கல்வராயன் மலைத் தண்ணீரும் மணிமுக்தாறும் சேர்ந்து சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டி, புவனகிரி வழியாகப் பரங்கிப்பேட்டைக்குப் போகும். கடைசி மைல்களில் ஒரு சிக்கல் உண்டு. ஓதம் (கடல் ஏற்றம்) ஏறியிருக்கும் நேரத்தில் கடல் தண்ணீரை வாங்காது. ஆறு அப்படியே நிற்கும், வடிகால் வாய்க்கால்கள் எதிர்த்து வயலுக்குள் வரும்.

வீராணத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். முழு மட்டம் 47.5 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வரும் தண்ணீரை நிறுத்த முடியும், ஷட்டர் நம் கையில். அரியலூர்ப் பக்கத்திலிருந்து கருவாட்டு ஓடையும் செங்கால் ஓடையும் கொண்டுவரும் தண்ணீரை யாரும் நிறுத்த முடியாது. ஏரி மட்டம் ஏறினால் வெள்ளியங்கால் ஓடையில் திறக்க வேண்டும், அது திருநாரையூர், வீரநத்தம் பக்கம் வயல்களில் ஏறும். திறக்காவிட்டால் ஏரிக்கரைக்கே ஆபத்து. ஆக, உங்கள் இரண்டாவது இடம் இயற்கையை மட்டும் நம்பி இல்லை, ராத்திரி ஒரு அதிகாரி எடுக்கும் முடிவையும் நம்பி இருக்கிறது. அதை அறிக்கையில் எழுதுங்கள்.

நெல்மணி

மதகடி ஐயா, கைகூப்புகிறேன். ஆலோசகருக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஒரு சந்தேகம். அரசே ‘பாதிக்கப்படக்கூடிய பகுதிகள்’ என்று பட்டியல் வைத்திருக்கிறதாமே, அதில் ஊர் இல்லை என்றால் நிம்மதியாக இருக்கலாமா?

நிலவரைபடம்

நான் நில அளவை, வரைபடம் பக்கத்து ஆள். அந்தப் பட்டியல் நல்ல ஆவணம்தான், எதற்காகப் போட்டது என்று தெரிந்து படிக்க வேண்டும். மாநிலம் முழுக்க 4,133 இடங்களைக் கண்டறிந்து நான்கு வகையாகப் பிரித்தார்கள்: மிக அதிகம் 321, அதிகம் 797, மிதம் 1,096, குறைவு 1,919. பிரித்தது தண்ணீர் நிற்கும் ஆழத்தை வைத்து. ஐந்து அடிக்கு மேல் நின்றால் மிக அதிகம், இரண்டு அடிக்குக் கீழே என்றால் குறைவு. யாரை எப்போது வெளியேற்ற வேண்டும், படகு எங்கே வேண்டும் என்று முடிவெடுக்க இது போதும். அதாவது அது மனிதர்களுக்கான பட்டியல். நெல் மூட்டை கெட்டுப்போக அரை அடி போதும்.

அப்புறம் மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டம். 2005 சட்டப்படி எல்லா மாவட்டமும் தயாரிக்க வேண்டும், மாவட்ட இணையதளத்தில் கிடைக்கும். ஊர் வாரியாகத் தங்குமிடம், பொறுப்பு அதிகாரிகள் எல்லாம் இருக்கும். பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

உயரத்துக்கு வருவோம். கூகுள் எர்த்தைப் பார்த்து ‘8 மீட்டர், பாதுகாப்பு’ என்று எழுதிவிடாதீர்கள். செயற்கைக்கோள் உயரத் தரவில் சில மீட்டர் பிழை சாதாரணம். மலைக்கு அது பரவாயில்லை. புவனகிரி மாதிரி சமதளத்தில் அரை மீட்டர்தான் வயலுக்கும் குளத்துக்கும் வித்தியாசமே. செல்போன் காட்டும் உயரம் அதைவிட மோசம். செய்ய வேண்டியது இது: பழைய வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். பள்ளிக்கூடத்துச் சுவர், டிரான்ஸ்ஃபார்மர் மேடை, கோயில் படி, ஏதாவது ஒன்றில் யாராவது கைவைத்துக் காட்டுவார்கள். அங்கிருந்து உங்கள் மனைக்குக் கொத்தனாரை வைத்து டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம்) பிடியுங்கள். தூரம் அதிகம் என்றால் ஆட்டோ லெவல் கருவி வைத்திருக்கும் சர்வேயருக்கு அரை நாள் கூலி. உங்களுக்குத் தேவையானது கடல் மட்டத்திலிருந்து உயரம் இல்லை, வெள்ளக் கறையிலிருந்து உயரம்.

இன்னொன்று, ‘100 ஆண்டு வெள்ளம்’ என்று அறிக்கைகளில் வரும். 2015ல் வந்துவிட்டது, இனி 2115ல்தான் என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. கிடங்கின் ஆயுள் 30 ஆண்டு என்று வைத்தால், அதற்குள் ஒரு முறையாவது வருவதற்கு 26 சதவீத வாய்ப்பு. 25 ஆண்டு வெள்ளம் என்றால் 71 சதவீதம், அதாவது வரும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கொள்ளிடத்துத் திட்டு

நிலவரைபடம் சார் ஆழத்தைப் பற்றிச் சொன்னார். நான் ஆற்று நடுவில் இருக்கும் ஊர்க்காரன், பெராம்பட்டு, திட்டுக்காட்டூர் பக்கம். எங்களைக் கேட்டால் ஆழத்தைவிட நாள்தான் முக்கியம். நாலு அடி வந்து மறுநாள் வடிந்தால் வீட்டைக் கழுவிவிட்டு உட்காரலாம். ஒன்றரை அடி ஒரு வாரம் நின்றால் மண்சுவர் ஊறி உட்காரும், மாட்டுக்கு வைக்கோல் அழுகும், பால் சொசைட்டிக்குப் பால் போகாது, பிள்ளைகள் படகில் பள்ளிக்கூடம் போக வேண்டும். பயிரும் அப்படித்தான். சி.ஆர். 1009 சப்-1 மாதிரி நெல் ரகம் இரண்டு வாரம்கூட மூழ்கித் தாங்கும் என்பார்கள், மற்றவை நான்கைந்து நாளிலேயே கதை முடிந்தது.

‘எத்தனை அடி’ என்று ஒரு கட்டம் இருக்கும் எல்லாப் படிவத்திலும் ‘எத்தனை நாள்’ என்று இன்னொரு கட்டம் வேண்டும். நான் வந்த அதிகாரிகளிடமெல்லாம் சொல்லியாயிற்று.

நிலவரைபடம்

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘நாள்’ என்பதைப் பதிவு செய்ய ஆள் வேண்டும். ஆழத்துக்குச் சுவரில் கறை இருக்கிறது, நாளுக்குச் சாட்சி இல்லை.

கொள்ளிடத்துத் திட்டு

ஏன் இல்லை சார்? சேதக் கணக்கெடுப்பு எழுதினார்களே, அதில் தேதி இருக்கும். பால் சொசைட்டி ரிஜிஸ்டரைப் பாருங்கள், பால் வராத நாட்கள் தெரியும். ரேஷன் கடை, பஸ் டிப்போ, எல்லாவற்றிலும் எழுத்து இருக்கிறது.

வடக்குவீதி

பால் ரிஜிஸ்டர் யோசனை நிஜமாகவே நன்றாக இருக்கிறது. நான் வடலூரை வாபஸ் வாங்கவில்லை என்றாலும்.

ஆஸ்டின்காரன்

நான் விருத்தாசலம், இப்போது டெக்சாஸ். இங்கே ஃபீமா என்ற அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை நிறுவனம் தேசிய ஆபத்துக் குறியீடு என்று ஒன்று போட்டு வைத்திருக்கிறது. 18 வகைப் பேரிடருக்கு ஒவ்வொரு கவுண்டிக்கும் (நம் மாவட்டம் மாதிரி) ஆண்டுக்கு எவ்வளவு டாலர் இழப்பு எதிர்பார்க்கலாம் என்று கணக்கு, அதோடு மக்களின் சமூக நிலையையும் மீண்டெழும் திறனையும் சேர்த்து மதிப்பெண். கேட்க அழகாக இருக்கும். ஆனால் கணக்கு டாலரில் என்பதால் பெரிய கட்டடங்கள் உள்ள நகரக் கவுண்டிகள் மேலே போகும், நாட்டுப்புறக் கவுண்டி கீழே நிற்கும். குடிசை இடிந்தால் இழப்புத் தொகை கொஞ்சம், அதில் இருந்தவருக்கு அதுதான் மொத்தமும்.

2025 ஜூலை 4 அதிகாலை கெர் கவுண்டியில் குவாடலூப் ஆறு 45 நிமிடத்தில் 26 அடி ஏறியது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே திடீர் வெள்ளம் வரும் என்பது ஊரறிந்த விஷயம், ஆற்றங்கரையில் அபாயச் சங்கு வைப்பது பற்றிப் பல வருடம் பேசிக்கொண்டே இருந்தார்கள். மதகடி ஐயா சொன்ன ‘எவ்வளவு நேரம் கிடைக்கும்’ என்பதை மூன்று இடத்துக்கும் தனித்தனியாக எழுதுங்கள்.

மேற்குத்தொடர்

எல்லோரும் கிழக்கையே பேசுகிறீர்கள். திட்டக்குடி, வேப்பூர் பக்கமும் கடலூர் மாவட்டம்தான். எங்களுக்கு மின்னலும் வறட்சியும். மக்காச்சோளக் காட்டில் களை எடுக்கிறவர்களுக்கு ஒதுங்க ஒரு கூரை இல்லை, மழை வந்தால் வேப்ப மரத்தடிக்கு ஓடுகிறார்கள், மின்னல் இறங்குவது அங்கேதான். தாமினி செயலியில் முன்னறிவிப்பு வரும், ஆனால் களை எடுக்கும் அம்மா செல்போனை வீட்டில் வைத்துவிட்டு வருவார்.

வறட்சி போட்டோவில் விழாது, அதனால் யாரும் எண்ணுவதில்லை. 2016 வடகிழக்குப் பருவமழை மாநிலத்தில் 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தார்கள். உங்கள் கிடங்குக்கும் அது பொருந்தும். நெல்லே வராத வருடத்தில் கடன் தவணை எப்படிக் கட்டுவீர்கள்? வங்கிக்காரர் உண்மையில் பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

நெல்மணி

மேற்குத்தொடர் சொன்னது சுருக்கென்று இருக்கிறது. அதை நாங்கள் யோசிக்கவே இல்லை. மக்காச்சோளம், உளுந்து வைக்கவும் வழி செய்தால் சரியாகுமா என்று இயக்குநர்களிடம் பேசுகிறேன்.

நேற்று புவனகிரிப் பக்கம் போய் விசாரித்தோம். ஒரு பெரியவர் தன் வயதுக்கு அந்த மனையில் தண்ணீர் ஏறியதே இல்லை என்று அடித்துச் சொல்கிறார். எழுபது வருடச் சாட்சி. எழுதிக்கொள்ளலாமா?

மதகடி

எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் பக்கத்தில் இன்னொரு கேள்வியும் எழுதுங்கள்: அவர் பார்த்த பூமி இப்போது இருக்கிறதா? மேற்கிலிருந்து கிழக்கே தண்ணீர் சரியும் மாவட்டம் இது. வடக்கு தெற்காக எந்தச் சாலையை உயர்த்தினாலும் அது ஒரு அணைதான். அடியில் போட்ட சிறுபாலங்கள் எத்தனை, தண்ணீர் போகும் கண் எவ்வளவு அகலம், ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சாலைக்கு மேற்கே இருக்கும் மனையில் முன்பு வராத தண்ணீர் இப்போது வரும். கிழக்கே இருந்தால் முன்பு வந்தது வராமல் போகலாம். பெரியவர் பொய் சொல்லவில்லை, சாலை உயர்ந்துவிட்டது.

முந்திரிக்காடு

அப்படியென்றால் சாலை உயர்வதற்கு முந்தைய சாட்சி எல்லாம் வீணா ஐயா? அந்தக் காலத்து ஆட்கள்தான் எந்த வாய்க்கால் எங்கே போனது என்று சொல்லத் தெரிந்தவர்கள். இப்போது இருக்கும் பையன்களுக்கு வாய்க்கால் என்றால் குப்பை போடும் இடம்.

மதகடி

வீண் என்று சொல்லவில்லை. அவரிடம் ‘தண்ணீர் வந்ததா’ என்று கேட்காமல் ‘எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போனது’ என்று கேளுங்கள். வந்ததா என்பது மாறும், போகும் வழி லேசில் மாறாது. அப்புறம் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டையும் (நில வகைப்பாட்டுப் பதிவேடு) புல வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். மனைக்குச் சுற்றியுள்ள சர்வே எண்களில் ஓடை, வாய்க்கால், ஏரி என்று வகைப்பாடு இருந்தால், தரையில் இன்று பிளாட் போட்டிருந்தாலும் தண்ணீருக்கு அது தெரியாது.

இரும்புக்கூரை

நான் கிடங்கு, தொழிற்கூடம் கட்டுகிற ஆள். காற்றைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, அதனால் நான்.

இந்தக் கடற்கரைக்கு இந்தியத் தர நிர்ணயம் காட்டும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கி.மீ. உங்கள் ட்ரஸ் (கூரையைத் தாங்கும் சட்டம்) வரைபடத்தில் எந்த எண்ணைப் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். உள்மாவட்டங்களுக்குப் போட்ட வரைபடத்தை அப்படியே நகலெடுத்து இங்கே கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

தானேக்கு அப்புறம் பறந்த கூரைகளைப் போய்ப் பார்த்தேன். ட்ரஸ் நன்றாக நிற்கும், தகடு மட்டும் போயிருக்கும். முதலில் கிளம்புவது மூலைத் தகடு, அடுத்து ஓரம். காற்று அங்கேதான் கூரையை மேல்நோக்கி உறிஞ்சும். நடுவில் போடும் அதே இடைவெளியில் ஓரத்திலும் தகட்டைப் பிடிக்கும் ஜே போல்ட் போடுகிறார்கள், ஓரத்திலும் மூலையிலும் நெருக்கிப் போட வேண்டும். கடல் காற்றில் வாஷரும் போல்ட்டும் துருப்பிடித்து நூலாகிவிடும், அதைப் பார்க்க ஒருவரும் ஏணி வைத்து ஏறுவதில்லை.

ரோலிங் ஷட்டர் இன்னொன்று. காற்றில் ஷட்டர் உள்ளே வளைந்து பிய்த்துக்கொண்டால், காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளும், வெளியே மேலிருந்து உறிஞ்சும். இரண்டும் சேர்ந்தால் எந்தத் தகடும் நிற்காது. ஷட்டரைக் கடலுக்கு எதிர்ப்பக்கம் வைத்தால் தப்பித்தோம் என்று சிலர் சொல்வார்கள். புயல் கடக்கக் கடக்கக் காற்றின் திசை மாறும், அது கதைக்கு ஆகாது. நடுவில் மாட்டும் கழற்றுக் கம்பம் வைத்து ஷட்டரைப் பலப்படுத்துங்கள், செலவு பெரிதில்லை.

தரைமட்டம்: லாரித் தட்டு உயரத்துக்கு மேடை கட்டிவிடுங்கள். மூட்டை ஏற்றவும் சுலபம், வெள்ளத்துக்கும் கவசம்.

காப்பீட்டுக்காரி

ஒரே ஒரு விஷயம். 5 கோடிக்குள் மதிப்புள்ள சிறு தொழில்களுக்கு 2021 ஏப்ரலிலிருந்து பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி இருக்கிறது. புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் அதிலேயே அடக்கம். கட்டடத்துக்கு மட்டும் எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் சரக்கை விட்டுவிடுகிறார்கள், அப்படிச் செய்யாதீர்கள் அண்ணா. நெல் உறுப்பினர்களுடையதா, நிறுவனத்துடையதா என்பதையும் பாலிசியில் தெளிவாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் நனைந்த மூட்டைக்கு யார் கேட்பது என்று உங்களுக்குள்ளேயே சண்டை வரும்.

வடக்குவீதி

நிலநடுக்கமா? கடலூரிலா?

நிலவரைபடம்

2001 செப்டம்பர் 25, புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில், ரிக்டர் 5.5 அளவில். சென்னை வரை ஆடியது. இந்தக் கிடங்குக்கு அது முதல் கவலை இல்லை, கடைசிக் கவலையாக வைத்துக்கொள்ளலாம்.

நெல்மணி

நண்பர்களே, ஒரு வாரமாக அலைந்ததில் வந்த நிலவரம்.

காட்டுமன்னார்கோயில் இடத்தை விட்டுவிட்டோம். மனை ஓரளவு உயரம்தான். ஆனால் பிரதான சாலைக்கு வர ஒரே ஒரு வழி, அது வெள்ளியங்கால் பக்கம் தண்ணீர் திறந்தால் முழுகிவிடும். பால் சொசைட்டியில் கேட்டோம், ரிஜிஸ்டரைப் புரட்டிக் காட்டினார்கள். சில வருடங்களில் தொடர்ந்து பல நாள் ‘வரவு இல்லை’. சம்பா அறுவடைக்கு முன்னால் பழைய சரக்கை எடுக்க வேண்டிய நேரத்தில் லாரி வராது என்றால் கிடங்கு எதற்கு?

வடலூர் மனைக்கு அ-பதிவேடு எடுத்தோம். முந்திரிக்காடு சொன்னபடியே, ஒட்டிய சர்வே எண் ஓடைப் புறம்போக்கு. மனைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

மிச்சம் புவனகிரி. சாலைக்குக் கிழக்கே, சிறுபாலத்துக்குத் தள்ளி. பெரியவர் ஏறியதே இல்லை என்றாலும், 2015 வெள்ளத்தின் கறை என்று பள்ளிச் சுவரில் காட்டிய இடத்திலிருந்து டியூப் லெவல் பிடித்ததில் எங்கள் மனைத் தரை அதைவிட ஒன்றரை அடி தாழ்வு. தண்ணீர் இரண்டு நாளில் வடிந்ததாகப் பலரும் சொல்கிறார்கள். சவுடு கொட்டி மூன்று அடி உயர்த்தி, அதற்கு மேல் மேடை. இதைத்தான் அறிக்கையில் எழுதப்போகிறோம். இரும்புக்கூரை சார், ஷட்டர் கம்பத்துக்கு ஒரு படம் அனுப்ப முடியுமா?

இரும்புக்கூரை

அனுப்புகிறேன். மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டித் தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டுங்கள். ஒரே மூச்சில் மூன்று அடி கொட்டினால் இரண்டு மழையில் தரை வெடிக்கும்.

கொள்ளிடத்துத் திட்டு

நெல்மணி தம்பி, மூன்று அடி உயர்த்தினால் இதுவரை உங்கள் மனையில் நின்ற தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகும். மனை ஓரத்தில் வடிகாலுக்கு எத்தனை அடி விடுகிறீர்கள்? பக்கத்து வயல்காரரிடம் பேசியாயிற்றா?

நெல்மணி

இன்னும் இல்லை. அவரும் எங்கள் நிறுவனத்தில் பங்குதாரர்தான். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வருவார், மேற்கு ஓரத்தில் ஆறு அடி வடிகால் விட்டு வரைபடத்தோடு போகிறேன். போதுமா ஐயா?

மதகடி

அகலத்தை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். மேலே உள்ள சிறுபாலத்தின் கண் எவ்வளவோ, அதற்குக் குறையாமல் விடுங்கள்.